ஒன்றரை மணி நேரத் தூக்கமும் பெண்களின் சுகரும்

"தூக்கம் எப்படிம்மா?" என்று கேட்டால் நம்ம ஊர்ப் பெண்களில் பெரும்பாலானோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அதுக்கென்ன, படுத்தா அடுத்த நிமிஷம் தூங்கிடுவேன்." கேட்பவரும் நல்ல தூக்கம் என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். தலை சாய்த்த மறு நிமிடமே தூக்கம் அடித்துப் போட்டால், அந்த உடம்புக்குத் தூக்கம் பாக்கி இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். போதுமான அளவு தூங்குகிறவருக்குக் கண் அயரப் பத்து, இருபது நிமிடம் ஆகும்.

கடலூர் மஞ்சக்குப்பமோ புதுச்சேரி முத்தியால்பேட்டையோ, கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இரவு 11.20க்கு அடுப்பு மேடை துடைத்துப் படுக்கிறார். 4.50க்குக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுந்திருக்கிறார். படுக்கையில் இருந்தது ஐந்தரை மணி நேரம். கண் அயர 5 நிமிடம், நடுவில் மாமியாருக்குத் தண்ணீர் கொடுக்கவும் சிறுநீர் கழிக்கவும் எழுந்தது 25 நிமிடம். மிச்சம் ஐந்து மணி நேரம். இவரைக் கேட்டால் "ஆறு மணி நேரம் தூங்குறேன்" என்பார். பொய் சொல்லவில்லை, படுத்திருந்த நேரத்தையும் தூக்கத்தில் சேர்த்துக்கொள்கிறார், அதையும் கொஞ்சம் கூட்டியே சொல்கிறார்.

இந்தக் குறைவுக்கும் சர்க்கரை நோய்க்கும் என்ன தொடர்பு என்பதைப் பெண்களை மட்டும் வைத்துச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2023 நவம்பரில் வெளியானது. கலந்துகொண்ட 38 பெண்களும் வழக்கமாக ஏழு மணி நேரத்துக்குமேல் தூங்குகிறவர்கள். அவர்களில் 11 பேர் மாதவிடாய் நின்றவர்கள். ஆறு வாரம் வழக்கம்போலத் தூக்கம். இன்னொரு ஆறு வாரம் இரவு படுக்கும் நேரத்தை மட்டும் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போட்டார்கள். எழும் நேரம் மாறவில்லை. தூக்கம் சுமார் ஏழரை மணி நேரத்திலிருந்து 6.2 மணி நேரத்துக்கு இறங்கியது. அவ்வளவுதான் மாற்றம். நம்ம வீடுகளில் 6.2 மணி நேரத் தூக்கம் என்றால் அதை ஞாயிற்றுக்கிழமைச் சொகுசு என்பார்கள்.

முடிவு: வெறும் வயிற்று இன்சுலின் அளவு 12 சதவீதத்துக்குமேல் ஏறியது. இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் இருந்தும் அதன் பேச்சைச் செல்கள் கேட்காத நிலை, மொத்தத்தில் சுமார் 15 சதவீதமும், மாதவிடாய் நின்ற பெண்களிடம் 20 சதவீதத்துக்குமேலும் கூடியது. இது உடல் கொழுப்பு கூடியதால் வந்த விளைவும் இல்லை. ரத்தச் சர்க்கரையோ இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நம்மை ஏமாற்றும் விஷயம் இருக்கிறது. சர்க்கரை ஏறாமல் இருக்கக் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் "ஃபாஸ்டிங் 94" என்று வரும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். பின்னால் கணையம் ஓவர்டைம் பார்ப்பது அந்தத் தாளில் தெரியாது. பல வருடம் அப்படி ஓடி, ஒரு கட்டத்தில் முடியாமல் போகும்போதுதான் 108, 118, 130 என்று எண்கள் ஏறத் தொடங்கும். நல்ல சேதியும் அதே ஆய்வில் உண்டு: பழையபடி ஏழு முதல் ஒன்பது மணி நேரம் தூங்கத் தொடங்கியதும் இன்சுலின் அளவு இறங்கிவிட்டது.

இதற்காக ஃபாஸ்டிங் இன்சுலின் டெஸ்டுக்கு ஓட வேண்டாம். வெறும் வயிற்று இன்சுலினையும் சர்க்கரையையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் எதிர்ப்பின் அளவு ஓரளவு தெரியும்தான். இன்சுலின் 8, சர்க்கரை 95 என்றால் 1.88. ஆனால் லேபுக்கு லேப் இன்சுலின் அளவு மாறும். அந்த எண்ணை வைத்து வீட்டில் ஒரு முடிவும் எடுக்க முடியாது. அந்தக் காசுக்கு நல்ல கொசுவலை வாங்கலாம்.

தூக்கம் குறைந்தால் உடம்பில் நடப்பது என்ன? சாயங்காலம் இறங்க வேண்டிய கார்டிசால் என்கிற பதற்ற ஹார்மோன் இறங்காமல் நிற்கிறது. பதற்றத்தின்போது வேலை செய்யும் நரம்பு மண்டலம் இரவிலும் விழித்திருக்கிறது. கொழுப்புச் செல்கள் கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் அதிகம் விடுகின்றன. அதனால் தசைகள் சர்க்கரையை வாங்கிக்கொள்ளத் தயங்குகின்றன. பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்குகிறது. இரவு பத்து மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடிக் கை போவதை மனக்கட்டுப்பாட்டுக் குறைவு என்று யாரும் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

மணிக்கணக்கு மட்டும் போதாது, தூக்கம் அறுபடாமலும் இருக்க வேண்டும். சிகாகோவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், இளம் வயதினர் ஒன்பது பேரை முழு நேரமும் தூங்கவிட்டு, ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகும்போது மட்டும் சத்தம் கொடுத்து மேலே இழுத்தார்கள். யாரும் முழுதாக விழிக்கவில்லை. மூன்றே இரவுகளில் இன்சுலினுக்கு உடம்பு இணங்கும் திறன் கால் பங்கு குறைந்தது. கைக்குழந்தைக்காரிக்கும், படுத்த கிடையாக இருக்கும் மாமனாரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும், குறட்டை நோய் உள்ளவருக்கும் தினமும் நடப்பது இதுதான்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கச் செவிலியர்கள் எழுபதாயிரம் பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், ஐந்து மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்குச் சர்க்கரை நோய் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாக வந்தது. உடல் எடையைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கியது. அதாவது கெடுதலில் ஒரு பங்கு எடை வழியாக வருகிறது. தூக்கத்தை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எடையைக் குறைக்கப் போராடும் பெண்ணின் தூக்கத்தைக் கேட்காமல் டயட் சார்ட் கொடுப்பது வீண் வேலை என்றுதான் அர்த்தம்.

நம்ம பக்கத்தில் இதற்குக் கூடுதல் அவசரம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், புதுச்சேரியில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டில் கோவாவுக்கு அடுத்த இடம். தமிழ்நாட்டில் 14.4. மேடு ஏற்கெனவே உயரம். அதன்மேல்தான் தூக்கக் குறைவும் ஏறி உட்காருகிறது.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் 14 நாள் நோட்டு. பிள்ளைகளின் பழைய நோட்டில் மிச்சப் பக்கம் போதும். படுத்த நேரம், தோராயமாகத் தூங்கிய நேரம், எத்தனை முறை எழுந்தீர்கள், எதற்காக எழுந்தீர்கள், காலையில் எழுந்த நேரம், பகல் தூக்கம், கடைசி காபி எத்தனை மணிக்கு, ராச்சாப்பாடு எத்தனை மணிக்கு. காலையில் எழுந்து பத்து நிமிடத்துக்குள் எழுதிவிட வேண்டும். இரவில் கடிகாரம் பார்த்து எழுதத் தொடங்கினால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் "ஆழ்தூக்க நிமிடங்களை" நம்பிக் கவலைப்படவும் வேண்டாம். மொத்த நேரத்துக்கு அது உதவும், ஆழத்தைச் சொல்வதில் தவறும்.

இந்த நோட்டில் முக்கியமான கட்டம் "எதற்காக" என்பதுதான். வைத்தியம் அதைப் பொறுத்தே மாறும்.

நேரமே இல்லாததுதான் காரணம் என்றால், "சீக்கிரம் தூங்கும்மா" என்று சொல்வது கேலிக்குச் சமம். அந்த ஒன்றரை மணி நேரம் யாரிடம் போகிறது என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாவு அரைப்பதைப் பகல் மூன்று மணிக்கு மாற்றலாம். காலை டிபன் பாக்ஸுக்கான காயை டி.வி. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நறுக்கலாம். தண்ணீர் பிடிக்கும் முறை ஒரு நாள் மனைவிக்கு, ஒரு நாள் கணவருக்கு, ஒரு நாள் மகனுக்கு. பத்தரைக்கு வருகிறவர் தானே போட்டுச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கலாம். மருந்துச் சீட்டில் எழுத முடியாத சிகிச்சை இது. வீட்டில் கேட்கமாட்டார்கள் என்றால் மருத்துவரிடம் அவர்களையும் அழைத்துப் போய், அவர் வாயால் சொல்ல வையுங்கள். அம்மா சொன்னால் புலம்பல் என்பவர்கள் டாக்டர் சொன்னால் கேட்கிறார்கள்.

நேரத்தை ஒரே நாளில் முன்னே இழுத்தால் ஒன்பதரைக்குப் படுத்துப் புரண்டுகொண்டிருப்பீர்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். ஆறு படி, முப்பது நாள், ஒன்றரை மணி நேரம். எழும் நேரம் ஏழு நாளும் ஒன்றாகவே இருக்கட்டும். ஞாயிறு மட்டும் ஒன்பது மணிவரை தூங்கிக் கடனை அடைப்பது நடக்காது. வார இறுதியில் ஈடுகட்டியவர்களுக்கும் இன்சுலின் திறன் சரியாகவில்லை என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. பகலில் 20, 30 நிமிடம் தலை சாய்க்கலாம், மூன்று மணிக்கு முன்னால்.

ராச்சாப்பாடு இன்னொரு திருட்டுப் பாதை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு 10.30க்கு மிச்சச் சோற்றை வழித்துச் சாப்பிட்டு 11.20க்குப் படுக்கும் வழக்கம் சுகருக்கு மிகக் கெட்டது. இரவு ஏற ஏற மெலடோனின் என்கிற தூக்க ஹார்மோன் ஏறும். அது ஏறியிருக்கும்போது கணையம் இன்சுலினைக் குறைவாகவே விடும். அதே சோறு, அதே குழம்பு, எட்டு மணிக்குச் சாப்பிட்டதைவிட அதிகமாகச் சர்க்கரையை ஏற்றும். வீட்டுப் பெண் முதலில் சாப்பிடுவதில் ஒரு தவறும் இல்லை. எட்டு மணிக்குச் சாப்பிட்டு, தெருவில் பத்து நிமிடம் நடந்துவிட்டு, மற்றவர்களுக்கு மூடி வைத்துவிடுங்கள்.

காபியின் காஃபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக் காபியின் பாதி பதினொரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நேரம் ஏறக்குறைய இரட்டிப்பு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதற்கும் மேல். இவர்களுக்குப் பகல் சாப்பாட்டோடு காபி முடிந்துவிட வேண்டும்.

"கால் குடையுது, எங்கே வெச்சாலும் நிக்கல, அமுக்கிவிட்டா, நடந்தா கொஞ்சம் தேவலை" என்று இரவில் மட்டும் வருகிறதா? இதை வாயு, நரம்புத் தளர்ச்சி என்று விட்டுவிடுகிறார்கள். இரும்புச்சத்துக் குறைவால் அடிக்கடி வரும் கால் குடைச்சலாக இது இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்குமேல் ரத்தசோகை. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். பல லேப்களில் 15க்குமேல் இருந்தாலே நார்மல் என்று அச்சாகி வரும். கால் குடைச்சல் இருப்பவருக்கு 75க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்ப்பார்கள். அந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் "எல்லாம் நார்மல்" என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். இரும்பு மாத்திரையை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதோடும் சேர்க்கக் கூடாது. எலுமிச்சை ஜூஸோடு போடலாம்.

இதே ரத்தசோகை சுகர் டெஸ்டையும் குழப்பும். மூன்று மாதச் சராசரி என்கிற எச்பிஏ1சி, இரும்புச்சத்துக் குறைவில் உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியவருக்கு அந்த எண்ணை நம்பவே முடியாது. ரத்தசோகை உள்ளவர் 6.1 என்று பார்த்துப் பதறுவதற்குமுன் வெறும் வயிற்றிலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்துக்கொள்வது நல்லது. வெறும் வயிற்றில் 100 முதல் 125, குளுக்கோஸுக்குப் பின் 140 முதல் 199, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4: இவை எல்லைக்கோட்டு நிலை. 126, 200, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவருக்கு இரண்டாம் முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

டெஸ்டுக்குப் போகும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேவனாம்பட்டினத்தில் மாசிமகத்துக்காக விடிய விடிய விழித்துவிட்டோ, சாவு வீட்டில் இருந்துவிட்டோ, நைட் ஷிப்ட் முடித்த கையோடோ ஃபாஸ்டிங் எடுத்தால் எண் ஏறித் தெரியலாம். ஒரே ஓர் இரவுத் தூக்கக் குறைவே போதும் அதற்கு. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, வீட்டு வேலை எல்லாம் முடித்துப் பகல் 11 மணிக்கு லேபுக்குப் போவதும் சரியல்ல. 8 முதல் 12 மணி நேரப் பட்டினி, தண்ணீர் குடிக்கலாம், காலை ஏழு, எட்டு மணிக்குள் ரத்தம் கொடுத்துவிடுவது. கடலூர் மாவட்டத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" ஊழியர்கள் வீட்டுக்கு வந்து விரலில் குத்திப் பார்ப்பது முதற்கட்டச் சோதனைதான். அதில் கூடுதலாக வந்தால் லேபில் கையிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தத் திட்டம் கிடையாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களாகத்தான் போக வேண்டும்.

குறட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெண்களிடம் இது அதிகம் தவறவிடப்படுகிறது. தூக்கத்தில் மூச்சுக்குழல் அடைபட்டு, ஆக்சிஜன் இறங்கி, மூளை உலுக்கி எழுப்பி, மறுபடி மூச்சு வரும். ஒரு மணி நேரத்தில் இப்படி 15 முறை நடந்தால் நடுத்தரம், 30 என்றால் கடுமை. ஆண்கள் வீடு அதிரக் குறட்டை விடுவதால் மனைவி கவனித்து அழைத்துப் போகிறார். பெண்ணுக்கோ காலைத் தலைவலி, வாய் வறட்சி, நாள் முழுக்க அசதி, இரவில் பலமுறை விழிப்பு என்று வரும்; ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு என்று திசை மாறிப் போய்விடும். பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டி இருப்பவர்கள், இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.யைத் தாண்டியவர்கள், மாதவிடாய் நின்றவர்கள் இதைச் சந்தேகிக்க வேண்டும். மூச்சைத் தூண்டிக்கொண்டிருந்த புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் மாதவிடாயோடு விடைபெற்றுவிடுகிறது. கூடப் படுப்பவரிடம் ஐந்து நிமிடம் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, நுரையீரல் மருத்துவரிடமோ காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமோ காட்டுங்கள். இவர்கள் மருந்துக்கடையில் தானாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது ஆபத்து. அல்பிரஸோலம் போன்றவை தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், எழுப்பிவிடும் மூளையையும் மந்தமாக்கும்.

கர்ப்ப கால சுகர் வந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏழு முதல் பத்து மடங்கு. பிரசவமாகி ஆறு வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்கச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். குழந்தையோடு விழித்துக் கிடக்கும் நாட்களில் அது மறந்துபோகும். தடுப்பூசி அட்டையில் ஆறாவது வார ஊசிக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள், ஒரே பயணத்தில் முடியும். தாய் வீட்டில் இருக்கும்போது இரவில் அம்மாவுக்கு வேலை பால் கொடுப்பது மட்டுமாக இருக்கட்டும். துணி மாற்றுவதும், ஏப்பம் விட வைப்பதும், தூங்கவைப்பதும் மற்றவர்கள் வேலை. மூன்று, நான்கு மணி நேரம் அறுபடாத தூக்கம் ஒன்றாவது கிடைக்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பதும் அம்மாவின் சர்க்கரை நோய் வாய்ப்பைக் குறைக்கிறது.

சிப்காட், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள், ஆஸ்பத்திரி நைட் டியூட்டிச் செவிலியர்கள், விடியுமுன் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகும் அம்மாக்கள்: இவர்களுக்கு ஒன்பதரைக்குப் படுங்கள் என்ற உபதேசம் பொருந்தாது. மீன்கார அம்மா இரவு எட்டுக்குப் படுத்து இரண்டரைக்கு எழட்டும். வியாபாரம் முடிந்து மதியம் ஒன்றரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும், அதை வீட்டார் சோம்பேறித்தனம் என்று சொல்லக் கூடாது. நைட் ஷிப்ட் முடிந்தவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, சமையலைத் தொடாமல் நேராகப் படுக்க வேண்டும். நள்ளிரவில் பிரியாணி, பரோட்டா வேண்டாம். ஷிப்டுக்குப் போகுமுன் சாப்பிட்டுவிட்டு, நடுவில் சுண்டல், மோர், ஒரு முட்டை போதும்.

புழுக்கம் நம்ம கடற்கரையின் தனிப் பிரச்சினை. மாதவிடாய் நிற்கும் வயதில் உள்ளிருந்தும் சூடு கிளம்பும். படுக்குமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பது, பருத்தி நைட்டி, எதிரெதிர் ஜன்னல் திறந்து கொசுவலை, கால்மாட்டில் டேபிள் ஃபேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வியர்த்து நனைந்து எழுகிறீர்கள் என்றால் பொறுத்துக்கொள்ளாமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், சிகிச்சை உண்டு.

ஏற்கெனவே சுகர் உள்ளவர்களுக்கு: இரவில் இரண்டு, மூன்று முறை சிறுநீருக்கு எழுவது சுகர் அதிகமாக இருப்பதாலும் வரும், நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் போடுவதாலும் வரும். எதனால் என்று கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் கெட்ட கனவோடு, உடம்பெல்லாம் வியர்த்து, படபடப்போடு எழுந்தால் அது தாழ் சர்க்கரையாக இருக்கலாம். உடனே மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறியதும் இரண்டு பிஸ்கட் அல்லது ஒரு டம்ளர் பால். நோட்டில் "ராத்திரி 3.10, 62" என்று எழுதி மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள், ராத்திரி டோஸை அவர் மாற்றுவார்.